விடியற் புள்ளும் நிழற்படமும்

அகத்திணைப் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார் தொல்காப்பியர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றிடைத் தோன்றும் புள்ளும் விலங்கும் மரமும் பிறவும் கருப்பொருள். இவ்வகுப்புச் செய்யுளுக்கென எழுந்ததேயாயினும், காட்டுப் பறவைகளை விடியற்காலையிற் படம்பிடிக்கும் கலையை மதிப்பிடுதற்கு இதனினும் தக்க அளவுகோலை யான் கண்டிலேன்.

மயிற்பாறை எனப் பொருள்படும் பெயர்கொண்ட மொனராகலை, இக்கலைக்கு வாய்த்த நிலம். 1954 இல் நிறுவப்பட்ட கல்லோயா, 1972 இல் நிறுவப்பட்ட உடவளவை, இவற்றோடு யால என்னும் தேசிய வனங்கள் மூன்றும் இம்மாவட்டத்தினுள்ளும் பரந்துள்ளன. விடியலில் ஞாயிறு தாழ்ந்து நிற்றலால், அதன் ஒளி வளிமண்டலத்தினூடே நெடுந்தொலைவு கடந்து வருகின்றது. நீலக்கதிர்கள் வழியிற் சிதற, செம்மையும் மஞ்சளுமே மிகுதியாய் எஞ்சுகின்றன. நிழல் நீள்கின்றது. நிலம் சூடேறாமையால் இடைக்காற்று அலைந்து உருவத்தைக் குலைப்பதில்லை. இரைதேடும் பறவையும் அப்பொழுதே வெளிப்படும்.

இத்துணைச் சிறப்புடைய பொழுதை இன்றைய படங்கள் பல வீணாக்குகின்றன என்பதே என் குறை. முல்லைக்குரிய புள்ளெனப் போற்றப்பட்டது கானக்கோழி. இலங்கைக் காட்டுச் சேவலின் படமொன்றை நோக்குக. செங்கொண்டையின் நடுவேயுள்ள மஞ்சள் துலங்கும். இறகு ஒவ்வொன்றும் எண்ணத்தகும். ஆனால் நெடுவில்லையின் ஆற்றலாற் புதரும் பனியும் கரைந்து வெறும் பச்சைக் குழம்பாய்க் கிடக்கும். அது காடோ, விலங்குக்காட்சிச்சாலையோ? காலையோ, நண்பகலோ? முதற்பொருளை இழந்த கருப்பொருள் அது.

அடையாளங் காட்டும் நூலுக்கு இவ்வாறு தனித்துக் காட்டுதல் தகும். ஜீ. எம். ஹென்றி 1955 இல் வெளியிட்ட இலங்கைப் பறவை நூலுக்குத் தாமே வரைந்த ஓவியங்களின் நோக்கம் அதுவே. கலை எனப் பெயர்கொண்டு வருவதற்கு அவ்விலக்கணம் போதாது. நாவலாசிரியர் மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) பெரிதும் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தவர். நிறத்தின் கவர்ச்சி துணைக்கு வாராத அந்நெறியில், ஒளியும் உருவமுமே உயிரையும் இடத்தையும் ஒருங்கே உணர்த்தவேண்டும். நம் இளைஞர் சில திங்களேனும் அதனைப் பயிலல் நன்று.

இன்னொன்று. பதிவுசெய்த குரலை ஒலித்துப் பறவையை அழைத்தல், கூட்டை நெருங்கிச் சூழ்தல் என்பனவற்றைத் திறமையெனக் கொள்வாருளர். இருவாய்ச்சிப் பேடு மரப்பொந்தினுள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சிறு பிளவினூடே சேவல் இரை ஊட்டும். படமெடுப்போர் கூட்டத்திற்கு அஞ்சிச் சேவல் விலகிநிற்கும் ஒவ்வொரு நாழிகையும் பொந்தினுள்ளே பட்டினி. அவ்வாறு பெற்ற படம் எத்துணைத் தெளிவுடையதாயினும் பரிசுக்குரியதன்று. நடுவராய் அமர்வோர் படம் எடுக்கப்பட்ட முறையையும் வினவுதல் வேண்டும்.

விலையுயர்ந்த நெடுவில்லை இல்லையே என நம் தோட்டப்புற மாணவர் வருந்துவதுண்டு. குறுவில்லையாற் குளக்கரையில் எடுக்கும் படத்திற் கொக்குச் சிறிதாகவே நிற்கும். வரம்பும் வயலும் நீர்மேற் படிந்த மூடுபனியும் உடன்வரும். மருதத்திற்கு வைகறையும் விடியலும் பொழுதெனத் தொல்காப்பியர் வகுத்தமைக்கு, அப்படமே போதிய உரையாகும்.