ஏதுப் போலியும் மருந்தின் மெய்ம்மையும்

மணிமேகலையின் 27, 29 ஆம் காதைகள் சுவை குன்றியவை என்பது பலர் கருத்து. வகுப்பில் ஆபுத்திரன் வரலாற்றை விரித்துரைக்கும் நம்மனோரும் அறவண அடிகள் காஞ்சியில் உரைத்த அளவைப் பகுதியைத் தேர்வுக்கு வேண்டுமளவிற் சுருக்கி அப்பாற் செல்கின்றோம். ஆராய்ச்சியாளரோ அதனை வடமொழி நியாயப்பிரவேசத்தோடு ஒப்புநோக்கிக் காலம் கணிப்பதிலேயே முனைந்து நின்றனர். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928 இல் மணிமேகலையின் வரலாற்றுப் பின்னணி குறித்து எழுதிய நூல் முதலாக அவ்வழக்கு நீண்டு வந்துள்ளது. அப்பகுதியைக் கருவியாகக் கொண்டு வேறொன்றை அளந்து பார்த்தார் மிகச் சிலர். ஈண்டு நாம் அளக்கப் புகுவது, கடியினாற் பரவும் வெறிக்கு மருந்து கண்டோம் என்பாரின் கூற்றினை.

கடித்தவன் கடியுண்டவனைத் தன்போலாக்கும் கதை இன்று திரைவழியே யாவர்க்கும் தெரிந்ததே. 2016 இல் வெளிவந்த மிருதன் என்னும் படம் அவ்வகையில் தமிழுக்கு முதன்மையானது. மிருத என்னும் வடசொல் இறந்ததைக் குறிக்கும். பெயரிட்டார் மிருகத்தையும் மனிதனையும் ஒருங்கு நினைத்தனர் போலும். அப்படத்தில் நோய் ஒரு நாயினின்று தொடங்குகிறது. நோயுற்றோர் நீரைக் கண்டு அஞ்சுகின்றனர். இவ்விரண்டும் கற்பனையல்ல, வெறிநாய்க்கடி நோயின் அடையாளங்களே. ஆகவே கற்பனை நோயை விடுத்து, அதற்கு மூலமாகிய மெய்ந்நோயினையே எடுத்துக்கொள்வாம்.

சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் நாய்க்கடிக்கு மருந்து தருவோரிடத்து இன்றும் கேட்கப்படும் சொல் ஒன்றுண்டு: "நூறு பேருக்குக் கொடுத்தேன், ஒருவரும் சாகவில்லை." சொல்வோர் பொய்யர் அல்லர். அவர் கண்டதையே சொல்கின்றார். அச்சொல்லிற் பொய்யில்லை, அதனைக்கொண்டு துணியும் துணிவிலேதான் குற்றம் உள்ளது. அக்குற்றத்திற்கு அறவண அடிகள் பெயரிட்டுள்ளார்.

ஏதுப் போலி பதினான்கு. அவற்றுள் அநைகாந்திகம் ஆறு. அவ்வாறனுள் முதலது சாதாரணம். ஏதுவானது சபக்கத்தும் விபக்கத்தும் ஒப்ப நிகழுமாயின் அஃது எதனையும் சாதியாது என்பது அதன் கருத்து. அறியப்படுதலை ஏதுவாக்கி ஒலி நிலையாதது எனச் சாதிப்பவனுக்கு, நிலையாத குடமும் அறியப்படும், நிலைத்த ஆகாயமும் அறியப்படும் என்பது விடை. நம் வைத்தியர் கூற்றினை இதன்மேல் வைக்க. மருந்துண்டவர் பிழைத்தார் என்பது ஏது. வெறிநாய் கடித்தோர் அனைவரும் நோய் கொள்வதில்லை. கடியின் இடம், ஆழம், உமிழ்நீர் புகுந்த அளவு ஆகியவற்றால் அது வேறுபடும். எனவே ஒன்றும் உண்ணாதாருள்ளும் பிழைப்போர் உளர். பிழைத்தல் இருபாலும் நிகழ்தலின் மருந்தினைச் சாதியாது.

இன்னும் ஒரு படி பின்னோக்குவாம். கடித்த நாய் வெறிநாயே என்பது எவ்வாறு துணியப்பட்டது? பனிமூட்டமோ புகையோ என்று ஐயுற்று நிற்கையிலேயே அங்கு நெருப்புண்டு எனத் துணிதலை அடிகள் சித்தாசித்தம் என்பர். நூறு நாய்களுள் வெறி கொண்டவை எத்தனை என அறியாமல் நூறு பேரைக் காத்தோம் என்பது இதன்பாற்படும்.

இக்குற்றம் நாட்டு வைத்தியர்க்கே உரியதென்று எண்ணற்க. பாஸ்டர் 1885 இல் ஒரு சிறுவனுக்கு ஊசியிட்டு அவன் பிழைத்தபோது, பாரிசு நகரத்து மருத்துவர் சிலர் இதே தடையை எழுப்பினர். நம் நாட்டில் கசௌலியிலும், 1907 முதல் குன்னூரிலும் அமைந்த பாஸ்டர் நிலையங்கள் ஊசி பெற்றோருள் இறந்தோர் விழுக்காட்டினையே பயனின் அளவாகக் காட்டி வந்தன. ஆட்டின் மூளையினின்று செம்பிள் 1911 இல் கண்ட தடுப்பூசி, சிலர்க்கு நரம்புத் தளர்ச்சியும் விளைத்தது. ஆயினும் 2004 இறுதி வரை இந்நாட்டில் வழங்கிற்று. அது பலரைக் காத்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. எத்துணைப் பேரை என்பதே அவ்விழுக்காட்டினாற் பெறப்படாத பொருள்.

விபக்கம் இன்றியமையாதது என்பதற்கு விருத்தாசலத்துப் பீங்கான் சூளையை நினைக. புதிய மெருகினைச் சோதிப்பான், பழைய மெருகிட்ட கலத்தையும் அதே சூளையில் அதே வேக்காட்டில் வைத்தாலன்றி, வேறுபாடு மெருகினதோ தீயினதோ எனத் துணிய இயலாது. 1956 இல் சென்னையிற் தொடங்கிய காசநோய் ஆய்வு இம்முறையையே மேற்கொண்டது. 193 நோயாளரைக் குலுக்கல் முறையிற் பகுத்து, ஒருசாராரை வீட்டிலும் மறுசாராரை மருத்துவ விடுதியிலும் வைத்து ஒரே மருந்தளித்து, வீட்டு மருத்துவம் தாழ்ந்ததன்று என நிறுவினர்.

வெறிநோய்க்கு அவ்வாறு செய்தல் அறமாகாது. மருந்தின்றி ஒருசாராரைச் சாகவிடுதல் கூடுமோ எனின், கூடாது. ஆயினும் வழி உண்டு. 1954 இல் ஈரானியச் சிற்றூர் ஒன்றில் வெறிகொண்ட ஒரே ஓநாய் 29 பேரைக் கடித்தது. தலையிற் கடியுண்ட 18 பேருள் தடுப்பூசி மட்டும் பெற்றவர் ஐவர். அவருள் மூவர் இறந்தனர். தடுப்பூசியோடு எதிர்ச்சீரமும் பெற்றோர் 13 பேர்; அவருள் ஒருவரே இறந்தார். விலங்கு ஒன்று, நாள் ஒன்று, கடியின் இடமும் ஒன்று. எண்ணிக்கை சிறிதேனும் சூளை ஒன்றாய் அமைந்தது. அந்நாட்டிலேயே 1976 இல் வெளிவந்த ஆய்வில், வெறியுற்றவை எனத் தெளிந்த நாய்களும் ஓநாய்களும் கடித்த 45 பேர் உயிரணு வளர்ப்பில் ஆக்கிய புதிய தடுப்பூசி பெற்றனர், ஒருவரும் நோயுறவில்லை. விலங்கின் வெறி தெளியப்பட்டமையின் ஈண்டுச் சித்தாசித்தம் இல்லை. அத்தகைய கடிக்கு முன்னர் எத்துணையோர் இறந்தனர் என்பது பழைய பட்டறிவால் தெரிந்தமையின் விபக்கமும் கிடைத்தது.

இதற்கு மறுதலையாய் நிற்பது 2004 இல் அமெரிக்க நாட்டு மில்வாக்கியில் நிகழ்ந்தது. நோய்க்குறி தோன்றிய பின்னர் ஒரு சிறுமியை மருந்தால் ஆழ்மயக்கத்தில் வைத்தனர், அவள் பிழைத்தாள். நோய்க்குறி தோன்றினார் பெரும்பாலும் மாள்வராதலின் இது வியப்பே. ஆனால் அம்முறையைப் பின்பற்றிய பிற இடங்களிற் பெரும்பாலும் தோல்வியே கண்டனர். பிறிதோரிடத்தும் காணப்படாத ஒன்றனை ஏதுவாக்கல் அசாதாரணம். நூறு பேரைக் காட்டுவான் சாதாரணத்தில் வீழ்ந்தான். ஒருத்தியைக் காட்டுவார் அசாதாரணத்தில் வீழ்ந்தனர்.

சித்தர் வாக்கே போதிய சான்று என்பார் உளர். 27 ஆம் காதையில் வைதிகவாதி ஆகமத்தையும் அளவையாகக் கொள்வன். அறவண அடிகளோ காட்சியும் கருதலுமாகிய இரண்டனையே கொள்வர். எவர் பக்கம் நிற்பினும், ஏட்டிலுள்ள பாடல் சித்தர் வாக்குத்தானா, பிற்காலத்து இடைச்செருகலா என்னும் பாடத் திறனாய்வு எஞ்சியே நிற்கும். அது நம் தொழில், மருத்துவர் தொழிலன்று.

இங்கேதான் நமக்கு மனக்குறை உண்டு. சுவடிப் பதிப்பாசிரியர் பாடவேறுபாட்டினை அடிதோறும் குறிப்பர். 'கைகண்டது', 'தப்பாது' என மருந்துப் பாடல்கள் முடியுமிடத்து ஒரு குறிப்பும் எழுதார். அம்முடிபு மருத்துவ நூலின் மரபுத் தொடர். காப்பிய முடிவில் வரும் நூற்பயன் போல்வது. ஆய்ந்து கண்ட முடிபு எனக் கொள்ளற்கு அதன்கண் ஒன்றுமில்லை. அதனை அவ்வாறே நம்பி, கடிவாயைச் சோப்பிட்டு ஓடும் நீரிற் கழுவாமலும், தடுப்பூசிக்கு அன்றே செல்லாமலும் ஒருவன் இருந்துவிடக்கூடும். நச்சு மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிக்கும் முதுகலை மாணவர், நாய்க்கடிப் பாடல்தோறும் அடிக்குறிப்பில் இம்மருந்து ஆய்ந்து நிறுவப்படாதது என்றும், கடியுண்டார் உடனே மருத்துவமனை செல்க என்றும் அச்சிடல் வேண்டும்.