பெட்டியின் மேல் ஓர் எண்

2020ஆம் ஆண்டில் கல்லூரி வகுப்புகள் கணிப்பொறித் திரைக்கு மாறியபோது, புதுக்கோட்டையில் நானும் ஒரு வெப் காமிரா வாங்கினேன். பெட்டியின் மேல் '25 மெகாபிக்சல்' என்று அச்சிட்டிருந்தது. ஆனால் கரும்பலகையில் நான் எழுதிய அடுக்கு எண்களை மாணவர்களால் படிக்க இயலவில்லை.

காரணம் என்ன? கணிப்பொறியில் சோதித்தபோது, ஒளியுணர் சில்லில் 640 × 480, அதாவது 3,07,200 புள்ளிகளே இருந்தன. பெட்டி கூறியதோ இரண்டரைக் கோடி! உண்மையான ஒரு புள்ளியைக் கொண்டு ஏறத்தாழ எண்பது புள்ளிகளை மென்பொருள் கணக்கிட்டு நிரப்புகிறது. இதனை இடைக்கணிப்பு என்பர். மங்கிய புகைப்படத்தைப் பெரிதாக்கினால் படம்தான் பெரிதாகும்; விவரம் கூடாது.

மென்பொருள் நிரப்பிய எண்ணைச் சில்லின் எண்போல் அச்சிடுவது நேர்மையன்று. நல்ல நிறுவனம் இரண்டையும் தனித்தனியே குறிப்பிடும். உத்தரவாதக் காலத்தையும் பழுது பார்க்கும் இடத்தையும் தெரிவிக்கும். இவை இல்லாத பெட்டியை ஒதுக்குங்கள். கடையிலேயே மங்கிய வெளிச்சத்தில் செய்தித்தாளின் சிற்றெழுத்துகளைக் காட்டிப் பாருங்கள்.

நிறுவனம் எங்கிருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். அதற்கு ரசீது வேண்டும். நான் அதை வாங்கத் தவறினேன், நீங்கள் தவறாதீர்கள்.