மலைப்படியில் ஒரு பச்சாத்தாபம்

ஜே. ஆர். ஆர். டோல்கியன் 1954-55இல் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நவீனத்தில், மோதிர மோகத்தால் உற்ற தோழனையே கொன்று, ஏறக்குறைய 500 ஆண்டுகள் இருளில் உழன்று, பூர்வ ரூபத்தையே இழந்துவிட்ட கோல்லத்தை நினைக்கும்போதெல்லாம், என் மனம் கிரித் உங்கோல் மலைப்படிகளிலேயே போய் நிற்கிறது. அம்மோதிரத்தை எரிமலையில் எறிந்து அழிக்கச் செல்லும் ஃப்ரோடோவும் அவன் ஊழியன் சாமும் அயர்ந்து உறங்க, அவர்களைக் காட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பிய அந்தப் பாபி, கண்ணின் வெறி தணிந்து, மூப்பும் களைப்பும் மேலிட, நடுங்கும் கையால் ஃப்ரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான். அக்கணம் விழித்த சாம், எஜமான விசுவாசத்தால் உதிர்த்த கடுஞ்சொல்லில் அந்தப் பச்சாத்தாபம் கருகிப்போகிறது. நல்லவனின் அவசரத்தை இவ்வளவு கருணையோடு சித்திரித்த ஆசிரியர் அபூர்வம்!

இதன் முன்கதையாக 1937இல் வந்த 'தி ஹாபிட்' முதற்பதிப்பில் கோல்லத்தின் மீதான தயைக்கு இடமில்லை. 1951ஆம் வருஷத்துத் திருத்தப் பதிப்பில்தான், அதன் நாயகன் பில்போ இரக்கங்கொண்டு, வாளை வீசாமல் கோல்லத்தைத் தாண்டிக் குதிக்கிறான். அந்த இரக்கமும், பிற்பாடு எரிமலைச் சரிவில் சாமுக்குப் பிறந்த இரக்கமும் இல்லாதிருந்தால், மோதிரத்தைப் பறித்து அதனோடு நெருப்பில் விழக் கோல்லம் உயிரோடிருந்திருக்க மாட்டான்; இறுதி நிமிஷத்தில் மோதிரத்தைத் துறக்க மாட்டாமல் தனதென்று சாதித்த ஃப்ரோடோவுக்கு மீட்சியே இருந்திராது. யுத்த காண்டங்களை வியப்பவர்கள் வியக்கட்டும். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலின் சிகரம் அந்த மலைப்படிக் காட்சியே என்பது என் துணிபு.