சிறிய காரும் பெரிய சொற்களும்

திறனாய்வு என்றவுடன் கவிதை, புதினம், நாடகம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. நாள்தோறும் பல்லாயிரம் பேர் எழுத்துக்கூட்டிப் படிக்கும் விற்பனை அறிவிப்பை ஓர் எழுத்தாக நாம் மதிப்பதில்லை. ஆயினும், நான்கே வரிகளில் ஒரு பொருளின் வரலாற்றைச் சொல்லி, முன்பின் அறியாத ஒருவரின் நம்பிக்கையைக் கோரும் எழுத்து அது. காரமடை, மேட்டுப்பாளையம், கோவை வட்டாரத்தில் பழைய மாருதி 800 கார்களை விற்பதற்காக எழுதப்படும் அறிவிப்புகளை இந்த நோக்கில் ஆராய்வோம்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின், அரை இலட்சம் ரூபாயை ஒட்டிய விலை. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஆண்ட சாலையில் இது பொம்மை போலத் தெரிந்தது. ஆனால் ஸ்கூட்டரில் நால்வராக நெருங்கி அமர்ந்து, மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சிச் சென்ற நடுத்தரக் குடும்பத்திற்குக் கூரையும் கதவும் தந்தது இந்தப் பொம்மைதான். 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை 28 இலட்சத்திற்கும் மேற்பட்ட கார்கள் உருவாயின. மலிவு விலைக் கார் என்பது கொங்கு மண்ணுக்கும் பழைய கனவு. இரண்டு பேர் அமரும் சிறிய காரை 2,000 ரூபாய்க்குத் தர 1952இலேயே முனைந்தவர் ஜி. டி. நாயுடு. அரசின் உரிமம் கிடைக்காததால் அம்முயற்சி நின்றுபோனது.

இத்தகைய எளிய வண்டிக்கு இன்று எழுதப்படும் அறிவிப்புகளில் ‘வின்டேஜ்’, ‘கிளாசிக்’ போன்ற சொற்கள் இடம் பிடித்துவிட்டன. இவற்றின் பொருளைச் சற்றே உரசிப் பார்ப்போம். மத்திய அரசு 2021இல் வகுத்த விதிகளின்படி, முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டியே ‘வின்டேஜ்’ எனும் தகுதியைப் பெறும். முதன்முதலில் விற்ற மாருதி 800 கூட 2033 டிசம்பரில்தான் அந்த வயதை எட்டும். அப்படிப் பதிவாகும் வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றிற்கு ஓட்டலாமேயன்றி அன்றாடப் பயணத்திற்குப் பயன்படுத்தலாகாது. மாசி மகத்தில் அரங்கநாதர் தேரோடும் காரமடையில், ஆண்டுக்கொருமுறை ஓடுவதற்கும் நாள்தோறும் ஓடுவதற்கும் உள்ள வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் பார்வையில் இவை பழைய கார்கள், அவ்வளவே. 15 ஆண்டுகள் முடிந்ததும் வண்டியைச் சோதனைக்கு உட்படுத்திப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவ்வாறே செய்ய வேண்டும். 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகள் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயானது. ‘வின்டேஜ்’ என்று பெருமிதத்தோடு தொடங்கும் அறிவிப்பு, அடுத்த எஃப்.சி. எப்போது என்பதைச் சொல்லாமல் முடியுமானால், அது எழுதியதைவிட மறைத்ததே முக்கியமாகிறது.

‘சிங்கிள் ஓனர்’ என்பது மற்றொரு தொடர். ஹர்பால் சிங் 2010இல் இறக்கும்வரை அந்த முதல் காரைத் தம்மிடமே வைத்திருந்தார். அத்தொடருக்கு முழுப்பொருள் தந்தவர் அவர். சந்தையிலோ, ஆர்.சி. புத்தகத்தில் ஒரே பெயர் இருக்க, வண்டி பல கைகள் மாறியிருக்கக்கூடும். பெயர் மாற்றாமல் விற்பது விற்றவருக்கும் ஆபத்தே. விபத்து நேர்ந்தால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இந்த அறிவிப்புகளை இருவகை வாசகர்கள் படிக்கிறார்கள். ஒருவர், இளமை நினைவை விலைகொடுத்து வாங்க விழைபவர். தரைத்தகடு துருப்பிடித்திருந்தால் டிங்கரிங் செய்துகொள்வார். பெயிண்ட் மங்கியிருந்தால் புதிதாக அடித்துக்கொள்வார். மற்றவர், கறிவேப்பிலைத் தோட்டத்திலோ ஆலையிலோ உழைத்துச் சேர்த்த பணத்தில் முதல் காரை வாங்கத் துணிபவர். முன்னவரை மயக்க எழுதிய சொல், பின்னவரை ஏமாற்றிவிடுகிறது. ஏக்கத்திற்கு ஏற்றிய விலையை ஏழைக் குடும்பத்தின் தேவை செலுத்த நேர்கிறது. இந்த எழுத்தின் மீது நாம் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு இதுவே.

வண்டியின் மீதான பற்றை நாம் பழிக்கவில்லை. உழுத வயலைக் கடந்தாலும் கூடையிலுள்ள முட்டை உடையலாகாது என்னும் நோக்கோடு பிரெஞ்சு உழவர்களுக்காக உருவான சிட்ரோயன் 2சிவி, ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் பீட்டில் ஆகியவையும் எளியோருக்காகப் பிறந்து பின்னர் சேகரிப்போரின் செல்வங்களாயின. மக்கள் உழைப்போடும் மகிழ்ச்சியோடும் கலந்த பொருளை மக்கள் மறப்பதில்லை. சிற்றூர்ப் பட்டறையிலும் பழுது பார்க்க முடிந்த இந்த வண்டி அந்த அன்புக்குத் தகுதியானதே.

ஆனால் அன்பு உள்ளவர் உண்மையைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. “இடப்பக்கக் கதவு மாற்றியது; தரைத்தகட்டில் துரு உண்டு; எஃப்.சி. இத்தனை மாதம் உள்ளது” என்று எழுதும் அறிவிப்பே சிறந்த அறிவிப்பு. அதில் அலங்காரம் இல்லை. வாங்குபவரை மதிக்கும் மனம் இருக்கிறது. வள்ளுவர் வாணிகத்தைப் பற்றிப் பேசுவது ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தில் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தன் பொருளைப் போலவே பிறர் பொருளையும் பேணும் பண்பு, நான்கு வரி விளம்பரத்திலும் வெளிப்பட வேண்டும். சிறிய குடும்பங்கள் நம்பி ஏறிய வண்டிக்கு, நம்பத்தக்க சொற்களாலேயே நாம் விடைகொடுப்போம்.