தொகை வேறு, வழி வேறு: செல்பேசி வரைபடமும் காவிரிக்கரைத் தலங்களும்

நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு கூகுள் மேப்ஸ் பட்டியலை அனுப்பியிருந்தார். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பார்க்க வேண்டிய கோயில்கள். மொத்தம் 62 புள்ளிகள். யாரோ தொகுத்தது, வாட்ஸப்பில் கைமாறி கைமாறி இவரிடம் வந்திருக்கிறது. இவருக்கு இருப்பது இரண்டு நாள் லீவு. கூட வருவது எழுபது வயது தாண்டிய அம்மா, முழங்கால் வலி வேறு. "இதுல எதை எப்போ பார்க்கிறதுன்னு சொல்லுங்க" என்பதுதான் கேள்வி.

பட்டியலைத் திறந்து பார்த்தால் டெல்டா முழுக்க அம்மை போட்ட மாதிரி புள்ளிகள். பெரிய கோயிலும் அதே அளவு புள்ளி, வயலுக்கு நடுவில் ஒருகால பூசை நடக்கும் சிறிய கோயிலும் அதே அளவு புள்ளி. எதுக்குப் பக்கத்தில் எது, எதுக்கு அப்புறம் எது, எதை எதுக்காகச் சேர்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. இது அந்தத் தொகுப்பாளரின் குறை என்று நான் நினைக்கவில்லை. கருவி எதைக் கேட்கிறதோ அதைத்தான் நாம் கொடுக்கிறோம். இந்தக் கருவி "இந்த இடம் வேண்டுமா?" என்று மட்டும்தான் கேட்கிறது.

என் வாதம் இதுதான். செல்பேசி வரைபடத்தில் நாம் சேமிப்பது தொகை. பயணத்துக்கு வேண்டியது வழி. இந்த இரண்டும் வேறு வேறு என்பது தமிழ் மரபில் எப்போதோ தெளிவாகிவிட்ட விஷயம். நம் கையில் இருக்கும் செயலிக்கு இன்னும் தெளிவாகவில்லை.

தொகை

தொகை என்ற சொல்லை நான் கண்டுபிடிக்கவில்லை. சுந்தரர் பாடிய ஒரு பதிகத்துக்கு ஊர்த்தொகை என்றே பெயர், இன்னொன்றுக்கு நாட்டுத்தொகை. அப்பர் பாடிய அடைவு திருத்தாண்டகம் இன்னும் சுவாரசியம். பள்ளி என்று முடியும் ஊர்கள் ஒரு பாட்டில், குடி என்று முடிபவை ஒரு பாட்டில், ஊர், காடு, வாயில், ஈச்சரம், மலை, துறை என்று ஊர்ப்பெயரின் கடைசிச் சொல்லை வைத்தே பிரித்திருக்கிறார். மென்பொருள்காரன் கண்ணுக்கு இது அப்படியே டேக் போடுவதுதான். ஏழாம் நூற்றாண்டில்!

ஆனால் அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு யாரும் பயணம் போக மாட்டார்கள். அது நினைவில் வைக்க, பாடித் துதிக்க. வீரட்டம் எட்டு என்ற தொகையைப் பாருங்கள். கண்டியூர், கடவூர், வழுவூர், பறியலூர், குறுக்கை, விற்குடி ஆகிய ஆறும் காவிரி டெல்டாவில். அதிகையும் கோவலூரும் வடக்கே நடுநாட்டில். எட்டையும் சேர்ப்பது சிவனின் வீரச்செயல் என்ற கருத்து. சாலை இல்லை.

நவக்கிரகக் கோயில்கள் இதற்கு நல்ல உதாரணம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று கிரக வரிசையிலேயே போவதாக வைத்துக்கொள்வோம். முதலில் கும்பகோணத்துக்குக் கிழக்கே சூரியனார்கோயில். அடுத்து திங்களூர், அது மேற்கே திருவையாற்றுக்குப் பக்கத்தில். அடுத்து வைத்தீஸ்வரன்கோயில், அது கிழக்குக் கோடியில் சீர்காழிக்கு அருகில். பிறகு திருவெண்காடு. பிறகு ஆலங்குடிக்காக மறுபடி கும்பகோணம் பக்கம். ஆறாவதாகச் சுக்கிரனுக்குக் கஞ்சனூர். அது எங்கே இருக்கிறதென்றால் காலையில் முதலில் பார்த்த சூரியனார்கோயிலுக்குப் பக்கத்து ஊர்! தொகையின் வரிசையை வழியின் வரிசையாக எடுத்துக்கொண்டால் இதுதான் நடக்கும். ஒரே நாளில் ஒன்பதையும் காட்டும் வேன்காரர் எவரும் இந்த வரிசையில் போவதில்லை.

வழி

அப்போ வழிக்கென்று மரபில் தனியாக ஒரு வரிசை இருந்ததா? இருந்தது. தேவாரம் பெற்ற 274 தலங்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சோழநாட்டில் 190. அவை காவிரி வடகரை 63, தென்கரை 127 என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். திருக்கோயில் புத்தகங்களில் "வடகரைத் தலம் 51" என்று போட்டிருப்பதைப் பலரும் ஏதோ பதிவு எண் மாதிரி கடந்து போயிருப்போம். அந்த எண்களை வரிசையாக வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

வடகரை 1 சிதம்பரம். அங்கிருந்து திருவேட்களம், சிவபுரி என்று கடற்கரைப் பக்கம் இறங்கி, சாய்க்காடு, வெண்காடு, சீர்காழி தொட்டு, மேற்கே ஏறிக்கொண்டே போகிறது. 51 திருவையாறு, 60 திருவானைக்கா, 63 முசிறிக்கு அருகே திருஈங்கோய்மலை. அங்கே ஆற்றைத் தாண்டினால் எதிர்க்கரையில் குளித்தலை. தென்கரை 1 குளித்தலைக்குத் தெற்கே ஐயர்மலை, 2 குளித்தலை கடம்பர்கோயில். இனி ஆற்றோடு கிழக்கே இறக்கம். பராய்த்துறை, திருச்சி, நெடுங்களம், பூந்துருத்தி, கண்டியூர்... கடைசியில் 125 வேதாரண்யம், 126 அகத்தியான்பள்ளி, 127 கோடியக்கரை. நிலம் முடிந்துவிட்டது. பட்டியலில் அடுத்த தலைப்பு என்ன? ஈழநாடு! திருக்கோணமலையும் மாதோட்டமும். அதன் பிறகு பாண்டிநாடு.

வடகரையில் ஆற்றை எதிர்த்து ஏறி, தென்கரையில் ஆற்றோடு இறங்கி, கடலைத் தாண்டும் ஒரு சுற்று இது. வள்ளலார் தம் விண்ணப்பக் கலிவெண்பாவில் தலங்களைச் சொல்லிக்கொண்டு போவதும் தில்லையில் தொடங்கும் இந்த வரிசையில்தான்.

தென்கரை 127 ஒரே நேர்கோடு இல்லை. மயிலாடுதுறை, கடவூர் என்று கிழக்கே போய், மறுபடி கும்பகோணம் பக்கம் திரும்பி, அப்புறம் திருவாரூர் வழியே தெற்கே இறங்குகிறது. ஏர் ஓட்டுகிறவர் வயலின் கடைசி வரை போய்த் திரும்பி அடுத்த சால் போடுவது மாதிரி. அகலமான பரப்பில் இருக்கும் 127 ஊரையும் அடுக்க வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஏன் கரையை வைத்துப் பிரித்தார்கள்? இந்த ஊரில் வண்டி ஓட்டியவருக்கு விளக்கவே வேண்டாம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்தைத் தாண்டுகிறோம். பாலம் எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே தூரம். ஒரே கரையில் பத்து கிலோமீட்டர் பக்கம். எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் கோபுரம் சில சமயம் தூரம்.

பெயர்க் குழப்பத்தையும் கரை தீர்த்து வைக்கிறது. ஆடுதுறை என்று தேடினால் இரண்டு வரும். கும்பகோணத்துக்கு மேற்கே இருப்பது வடகுரங்காடுதுறை, கிழக்கே இருப்பது தென்குரங்காடுதுறை. மேற்கு, கிழக்காக இருப்பதற்கு ஏன் வட, தென்? ஒன்று வடகரை, மற்றது தென்கரை. ஊர்ப்பெயருக்குள்ளேயே கரை இருக்கிறது. காட்டுப்பள்ளியும் இரண்டு. மேலைத் திருக்காட்டுப்பள்ளி தென்கரை 9, தஞ்சாவூர் மாவட்டம். கீழைத் திருக்காட்டுப்பள்ளி வடகரை 12, திருவெண்காட்டுக்குப் பக்கம். நடுவில் சுமார் 100 கிலோமீட்டர். "திருக்காட்டுப்பள்ளி கோயில்" என்று ஒரு புள்ளியைச் சேமித்து இன்னொருவருக்கு அனுப்பினால் அவர் எதற்குப் போவார்?

ஏழூர்: பல்லக்கு போகும் வரிசை

இதைச் சின்ன அளவில் பார்க்க ஏழூர் போதும். சித்திரையில் திருவையாற்று ஐயாறப்பர் பல்லக்கில் புறப்பட்டு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று போய்த் திரும்புகிறார். தில்லைஸ்தானம்தான் பாட்டில் வரும் நெய்த்தானம். தல எண்ணாக எழுதினால் இப்படி வரும்:

வடகரை 51, 50; தென்கரை 13, 14, 12, 11; வடகரை 52, மறுபடி 51.

வடகரையில் 50, 51, 52. தென்கரையில் 11 முதல் 14. இரண்டு கரையிலும் அடுத்தடுத்த எண்கள், ஆற்றைத் தாண்டுவது இரண்டே முறை. தோளில் சுமந்து நடக்கிறவர்கள் வகுத்த வழி வேறு எப்படி இருக்கும்? மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. அதனால் சித்திரையில் ஆறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். அந்த வழிக்குள் பருவமும் இருக்கிறது.

நேரத்தையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் குளித்தலைப் பக்கம் உண்டு. காலையில் கடம்பர்கோயில், உச்சி நேரத்தில் ஐயர்மலை, மாலையில் அக்கரையில் ஈங்கோய்மலை. இடம், வரிசை, நேரம் மூன்றும் ஒரே மூச்சில். இதற்குச் சமமாக என் செல்பேசியில் என்ன இருக்கிறது? மூன்று பச்சைக் கொடி.

செயலி எங்கே சறுக்குகிறது

கூகுள் மேப்ஸில் பட்டியல் போடலாம், பெயரும் அடையாளப் படமும் வைக்கலாம், ஒவ்வொரு இடத்துக்கும் குறிப்பு எழுதலாம், பகிரலாம். எல்லாம் நல்ல வசதி. ஆனால் அந்தப் பட்டியலை எடுத்து "இதை ஒரு வழியாக்கு" என்று கொடுக்கப் போனால், வழி காட்டும் பக்கம் பத்து நிறுத்தத்தோடு நின்றுவிடுகிறது. அந்தப் பத்தையும் எந்த வரிசையில் என்பதை நாம்தான் விரலால் இழுத்து மாற்ற வேண்டும். சேமிப்பு ஓர் அறை, பயணம் இன்னோர் அறை, நடுவில் கதவு இல்லை.

அடுத்து, நேரம். இந்தப் பக்கக் கோயில்கள் பெரும்பாலும் மதியம் 12 மணி வாக்கில் நடை சாத்தி 4 மணிக்கு மேல்தான் திறக்கும். சிறிய கோயில் என்றால் குருக்கள் வீட்டில் சாவி இருக்கும், தெருவில் கேட்க வேண்டும். திட்டம் போடும்போது முக்கியமான தகவலே இதுதான். புள்ளியில் வருவதோ எத்தனை நட்சத்திரம், எத்தனை பேர் கருத்து சொன்னார்கள் என்பது.

அதனால் என்ன ஆகிறது? நட்சத்திரம் அதிகமுள்ள இடமே எல்லாப் பட்டியலிலும் திரும்பத் திரும்ப வருகிறது. நண்பர் அனுப்பிய 62இல் யுனெஸ்கோ அங்கீகரித்த மூன்று பெரிய சோழர் கோயில்களும் இருந்தன, நவக்கிரகம் ஒன்பதும் இருந்தன. புள்ளமங்கை இல்லை. தஞ்சாவூர் - கும்பகோணம் சாலையில் பசுபதிகோயில் ஊரில் திரும்பினால் வந்துவிடும். அதிட்டானத்தில் உள்ளங்கை அளவுக் கற்களில் செதுக்கிய புராணச் சிற்பங்களுக்காகவே போக வேண்டிய முற்காலச் சோழர் கோயில். வழியை வைத்துத் திட்டம் போடுகிறவர் அந்தச் சாலையில் போகும்போது தென்கரை 16 எங்கே என்று கேட்டிருப்பார். புள்ளியை வைத்துத் திட்டம் போடுகிறவருக்கு அந்தக் கேள்வியே வராது. பாட்டு பெற்ற ஊருக்கு ஆள் வருவது இப்படித்தான் குறைகிறது.

பழைய வரிசையின் எல்லை

பழசெல்லாம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. வடகரை 53 பெரும்புலியூர், 54 திருமழபாடி. எண்ணில் அடுத்தடுத்து. ஆனால் நடுவில் கொள்ளிடம் ஓடுகிறது. காரில் போகிறவர் பாலம் இருக்கும் இடம் பார்த்துத்தான் மழபாடிக்குப் போக வேண்டும். எண் பக்கம் என்கிறது, சாலை தூரம் என்கிறது. இந்த இடத்தில் செயலிதான் சரி. வயலுக்குள் திரும்பும் கடைசி ஒரு கிலோமீட்டரிலும் செயலியை அடித்துக்கொள்ள முடியாது. பரசலூரில் இறங்கிப் "பறியலூர் வீரட்டம் எங்கே?" என்று கேட்டு முழிப்பதற்கு ஒரு புள்ளி எவ்வளவோ மேல்.

ஆகவே எண் வரிசைக்கு, புள்ளி இடத்துக்கு. நான் செய்வது இவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு பட்டியல், முடிந்தவரை ஒரே கரை. ஒவ்வொரு புள்ளியின் குறிப்பிலும் முதலில் கரையும் எண்ணும்: "தெ16", "வ51". அடுத்து பாட்டில் வரும் பெயர், இன்றைய ஊர்ப்பெயர். அடுத்து நடை திறக்கும் நேரம். கடைசியாக, எதைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு வரி. அந்த ஒரு வரி எழுத வரவில்லை என்றால் அந்தப் புள்ளியை எடுத்துவிடுகிறேன். கிளம்பும் முன் அந்தப் பகுதியின் ஆஃப்லைன் வரைபடம். இதே பட்டியலை ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி செயலியிலும் ஏற்றிக்கொள்ளலாம். அதில் புள்ளிக்கு நம் இஷ்டப்படி பெயரும் நிறமும் வைக்கலாம், கோப்பாக வெளியே எடுக்கலாம். கணக்கு போனாலும் பட்டியல் போகாது.

நண்பருக்கு 62ஐ 12 ஆக்கிக் கொடுத்தேன். முதல் நாள் ஏழூர் மட்டும். காலையில் தென்கரை 11 முதல் 14, நடை சாத்தும் நேரத்தில் திருவையாற்றில் சாப்பாடும் ஓய்வும், சாயங்காலம் வடகரை 50, 51, 52. இரண்டாம் நாள் திட்டையில் ஆரம்பித்து, புள்ளமங்கை, சக்கரப்பள்ளி, கருகாவூர் என்று தென்கரை 15 முதல் 18, மாலையில் தாராசுரம். ஐயர்மலையை எடுத்துவிட்டேன். ஆயிரத்துக்கு மேல் படி. ரோப்கார் வந்துவிட்டது என்றாலும் அது ஒரு தனி நாள் வேலை. அம்மாவின் முழங்காலைப் பற்றிப் புள்ளிக்குத் தெரியாது.