மனவிழிப்பும் சமூகமும்: ஒரு நூலை முன்வைத்துச் சில குறிப்புகள்

பதகளிப்பு, மனச்சோர்வு ஆகியவற்றைத் தணிக்கும் முறைகளுள் மனவிழிப்புப் பயிற்சி இன்று பெற்றுள்ள செல்வாக்கு யாவரும் அறிந்ததே. 1979இல் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜொன் கபாட்-ஸின் ஆரம்பித்த எட்டு வாரப் பயிற்சியே மருத்துவத் துறையில் இதற்கு வழிகோலிற்று. அதனை விளக்கி 1990இல் அவர் வெளியிட்ட ‘புல் கற்றஸ்ரபி லிவிங்’ என்னும் நூலை இலக்கிய மாணவர் வேறொரு கோணத்திலிருந்து நோக்குதல் பயன்தரும்.

நூலின் தலைப்பு 1964இல் வெளிவந்த ‘ஸோர்பா த கிரீக்’ திரைப்படத்திலிருந்து பெறப்பட்டது. மணவாழ்வு பற்றிய வினாவுக்கு ஸோர்பா வேடிக்கையாகக் கூறும் விடையே அதன் மூலம். கபாட்-ஸின் அவ்விடையை வாழ்வின் இன்பதுன்பம் யாவற்றையும் ஏற்று நிற்கும் ஞானமாக விளக்குகின்றார். ஆனால் கஸன்ட்ஸாகிஸின் கதையில் ஸோர்பா வேலை தேடி வந்த தொழிலாளி. அவனை அமர்த்துபவனோ கிரீற் தீவிற் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமொன்றை நடத்தச் செல்லும் எழுத்தாளன். ஒருவன் உழைப்பை விற்பவன், மற்றவன் வாங்குபவன். நூலிற் புகும்போது இவ்வுறவு மறைந்து ‘மனிதன்’ என்ற பொதுமை மாத்திரம் எஞ்சுகின்றது. தொழில்சார் நெருக்கடி பற்றிய அத்தியாயத்திலும் இப்போக்கைக் காணலாம். வேலைச் சூழலின் கொடுமையை ஆசிரியர் மறுக்கவில்லை. எனினும் அவர் பெரிதும் விரித்துரைப்பது அதனைத் தொழிலாளி எதிர்கொள்ளும் விதத்தையே.

‘ஸதி’ என்னும் பாளிச் சொல்லுக்கும் இதுவே நேர்ந்தது. வடமொழி ‘ஸ்மிருதி’யோடு உறவுடைய அச்சொல்லில் நினைவு என்ற பொருள் உண்டு. நாஸி ஜேர்மனியைத் துறந்து 1936இல் இலங்கைக்கு வந்த ஞானபொனிக தேரர், 1954இற் கொழும்பில் வெளிவந்த தமது நூலில், வெறுங் கவனத்தைத் தெளிந்த அறிவோடு பிணைத்தே பேசினார். சிகிச்சைக் கூடத்திலோ நிகழ்கணமே முதன்மை பெற்றது. ஒருவரின் சோர்வுக்கு வரலாறு உண்டு என்பது பின்தள்ளப்பட்டது.

றொனால்ட் பர்ஸர் 2019இல் இப்போக்கைக் காரசாரமாகக் கண்டித்தார். நெருக்கடியைத் தனிமனித உள்ளத்துள் அடைப்பதால் அதனை விளைக்கும் அமைப்புத் தப்பிவிடுகின்றது என்பது அவர் வாதம். வாதம் சரியானது, ஆயினும் போதியதன்று. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவை மனச்சோர்வுக்கு ஆளானோரிடத்து, மனவிழிப்போடு இணைந்த அறிகைச் சிகிச்சை நோய் மீளுவதைக் குறைத்தது என 2000இல் ரீஸ்டேல் முதலியோர் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. உறக்கமிழந்த ஒருவர் அடுத்த நாளைக் கடக்க உதவும் ஒன்றை முதலாளித்துவ ஏமாற்று எனத் தள்ளிவிடுதல் பொருள்முதல்வாதமாகாது. அகத்துன்பம் பேசும் படைப்புகளையெல்லாம் விரக்திவாதம் என முத்திரையிடும் பழக்கம் நம்மிடையே (இதனை எழுதுபவன் உட்பட) நெடுநாள் இருந்துவந்துள்ளது. அப்பழக்கத்தின் எச்சமே பர்ஸரை நாம் அவசரமாக வரவேற்பதிலும் தென்படுகின்றது.

2017இல் மறைந்த மாக் பிஷர் தமது மனச்சோர்வை மறைக்காது எழுதியவர். மூளையின் இரசாயன மாற்றத்தை ஒப்புக்கொண்டே, அம்மாற்றத்துக்குக் காரணம் யாது என 2009இல் அவர் வினவினார். கபாட்-ஸின் அவ்வினாவை அரிதாகவே எழுப்புகின்றார். பர்ஸர் எழுப்புகின்றார், ஆனால் நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து அல்ல.