சிற்றில்: கட்டியவளும் கட்டுடைத்தவனும்

1

ஆலங்குளத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். மூன்றாம் வகுப்பு. செருப்புக்கடை அட்டைப்பெட்டி, உடைந்த பிளேடு, மைதாப்பசை, தீக்குச்சி, இவைதான் அவள் தளவாடம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து வீடு கட்டுவாள். ஜன்னல் அறுப்பாள், மாடிப்படி மடிப்பாள், மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைப்பாள். கட்டி முடித்ததும் அந்த வீட்டின் மேல் அவளுக்கு அக்கறை போய்விடும். அடுத்த பெட்டிக்கு அலைவாள். குற்றாலச் சீசனில் வாங்கிக் கொடுத்த மரச்சொப்பு பிரிக்காமல் மூலையில் கிடக்கிறது.

ஒருநாள் அவள் அம்மா, எனக்கு மதினி முறை, மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே கேட்டாள்: “ஏட்டி, உள்ளார அடுப்பு கிடுப்பு, கட்டிலு ஒண்ணும் வைக்கலியா?”

பிள்ளை தலையைத் தூக்கவில்லை. “அதெல்லாம் குடிவாரவுக வச்சுக்கிடட்டும்.”

மதினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். “போற வீட்ல இது என்ன பாடு படப்போவுதோ.”

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வீடு கட்டுவதில் இன்பம் காண்கிற பெண்ணை, வீட்டுக்குள் சாமான் அடுக்குகிறவளாக வாசிக்கும் பழக்கம் நமக்கு எப்படி வந்தது? பீடி சுற்றும் மதினிக்கு மட்டும் உள்ள பழக்கம் அல்ல இது. எம்.ஏ. தமிழ் படித்த எனக்கும் இருந்தது.

2

மணலில் சிறுவீடு கட்டுவதைச் ‘சிற்றில் இழைத்தல்’ என்கிறது தமிழ். வகுப்பறையில் இதற்கு எங்களுக்குச் சொல்லப்பட்ட விளக்கம் ஒன்றே ஒன்று: பெண் பின்னாளில் இல்லறம் நடத்துவதற்கான ஒத்திகை. சிற்றிலுக்குப் பக்கத்திலேயே சிறுசோறும் வந்துவிடுவதால் இந்த விளக்கம் யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் பிரதிகளிடம் திரும்பிப் போனால் உறுத்துகிறது.

கலித்தொகை 51. கபிலர் பாடியது. தமிழ் படித்தவர்களில் இதைத் தெரியாதவர் இருக்க முடியாது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வந்தவன் வளையணிந்த முன்கையைப் பிடிக்கிறான், அவள் கத்துகிறாள், அம்மா ஓடிவர, தண்ணீர் குடிக்கும்போது விக்கினான் என்று பொய் சொல்லி அவனைக் காப்பாற்றுகிறாள். இந்த விக்கலை ரசித்து எத்தனை மேடைப்பேச்சுகள்! ஆனால் அந்தப் பாட்டு விக்கலில் தொடங்கவில்லை, உடைந்த ஒரு வீட்டில் தொடங்குகிறது. தெருவில் நாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் உதைத்தவன், தலையில் சூடிய மாலையைப் பிடுங்கியவன், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன் என்றுதான் தோழிக்கு அவனை நினைவூட்டுகிறாள். உதைத்தது காதலின் முன்கதையாகிவிட, உதைபட்டதைப் பற்றிப் பிறகு பேச்சே கிடையாது.

ஆண்டாளிடம் வந்தால் நிலைமை மாறுகிறது. எங்கள் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுவதும் கண்ணனிடம் சிற்றிலைச் சிதைக்காதே என்று சொல்லும் பாடல்கள். அதில் என்னைப் பிடித்து நிறுத்துவது பக்தியோ காதலோ அல்ல, வேலை. நாளெல்லாம் உட்கார்ந்து இழைத்ததில் முதுகு வலிக்கிறது என்கிறாள் அந்தப் பெண். வெள்ளை மணலைத் தெள்ளி எடுத்ததைச் சொல்கிறாள். சிறு பானை, சிறு சுளகு, மணல் என்று கையிலிருக்கும் கருவிகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறாள். வீட்டோடு சேர்த்து எங்கள் சிந்தையையும் சிதைக்கிறாயா என்று கேட்கிறாள். மணல்வீடு என்பது சிந்தை வெளியே வந்து நிற்கும் உருவம் என்று இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாட்டாளர் எழுதிவிட முடியும்?

அடுத்து குமரகுருபரர். தாமிரபரணிக் கரை ஸ்ரீவைகுண்டத்துக்காரர், 17ஆம் நூற்றாண்டு. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவத்தில் ஒரு பாட்டில் மீனாட்சிக் குழந்தை அண்டத்தையே சிற்றிலாகக் கட்டுகிறாள். உலகைச் சுற்றிய மலை சுவர்; மேரு நடுத்தூண்; வானம் கூரை; சூரியனும் சந்திரனும் விளக்கு. கட்டுமான வரிசை தப்பாமல் சொல்லப்படுகிறது. கொத்தனாரிடம் கேட்டாலும் சுவர், தூண், கூரை என்றுதான் சொல்வார். புவனங்கள் என்கிற பழைய பாத்திரங்களைக் கழுவிச் சமைக்கும் வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. பித்தன் ஒருவன், அதாவது சிவன், முன்னால் நின்று அழித்துக்கொண்டே இருக்கிறான். அவள் கோபப்படாமல் தினமும் திரும்பக் கட்டுகிறாள்.

இப்போது பிள்ளைத்தமிழின் இலக்கண மரபைக் கவனியுங்கள். வழக்கமாகப் பாடப்படும் பத்துப் பருவங்களில் முதல் ஏழு இருபாலுக்கும் பொது. கடைசி மூன்று ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். மீனாட்சிக்கு அம்மானை, நீராடல், ஊசல். சிற்றில் என்ற பருவம் ஆண்குழந்தையின் கணக்கில் இருக்கிறது! அதில் அவன் வீடு கட்டுவதில்லை. கட்டிய சிறுமிகள் ‘சிதைக்காதே’ என்று அவனிடம் கெஞ்சுகிறார்கள். அண்டத்தையே கட்டிய மீனாட்சிக்குச் சிற்றில் பருவம் இல்லை. அவள் கட்டுமானம் வேறொரு பருவத்தின் ஒரு பாட்டுக்குள் ஒண்டிக் குடியிருக்கிறது. கட்டியவளுக்கு ஒரு பாட்டு, சிதைத்தவனுக்கு ஒரு பருவம். நம் இலக்கிய மரபின் பட்டா எந்தப் பெயரில் இருக்கிறது என்பதற்கு இதைவிட ஆவணம் வேண்டியதில்லை.

3

‘பொம்மை வீடு’ என்றவுடன் நம் நண்பர்களுக்கு இப்சன் நினைவுக்கு வருவார். 1879இல் நோரா கதவைச் சாத்திவிட்டுப் போனது பெரிய விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் நோரா வெளியேறியது அவள் கட்டாத வீட்டிலிருந்து. ஐரோப்பாவின் பேர்போன பொம்மை வீடுகளின் கதையே அப்படி. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பெட்ரோனெல்லா ஊர்ட்மான் என்ற செல்வச் சீமாட்டியின் பொம்மை வீடு இருக்கிறது. 1686க்கும் 1710க்கும் இடையில் செய்யப்பட்டது. கூட்டையும் சாமான்களையும் செய்தவர்கள் கைவினைஞர்கள். சீமாட்டியின் பங்கு, நிரப்புவது. இங்கிலாந்தின் மேரி ராணிக்கு 1921-24இல் பொம்மை மாளிகை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். அதே காலத்தில் நமக்குப் புதுதில்லியையும் வரைந்துகொண்டிருந்தவர். ஏகாதிபத்தியத்தின் தலைநகரமும் ராணியின் விளையாட்டு வீடும் ஒரே ஆணின் வரைபலகையில் உருவாயின.

நம் சிற்றில் அப்படியல்ல. கட்டியவளே விளையாடியவள். அதற்குள் வைக்க எதுவும் இல்லாமலேயே அது வீடு.

அதேசமயம் சங்கத்துச் சிறுமியைக் கொண்டாடிவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. கலித்தொகைப் பெண்ணின் வீட்டில் வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பது பொற்கலத்தில். பொற்கலம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மணல் விளையாட்டு. மணலைக் கூலிக்குச் சுமந்தவளின் பாட்டு எங்கே? சிற்றில் என்ற சொல்லுக்கே எளியவர் வாழும் சிறுவீடு என்ற பொருளும் உண்டு. புறநானூறு 86இல் காவற்பெண்டு பாடும் சிற்றில் அதுதான். தூணைப் பற்றிக்கொண்டு நின்று மகன் எங்கே என்று கேட்பவளுக்கு, புலி இருந்துவிட்டுப் போன கற்குகை போன்றது என் வயிறு என்று தாய் பதில் சொல்கிறாள். எழுதியவளும் பெண், வீரம் செறிந்த பாட்டு. ஆனாலும் வீடு கட்டவேண்டியவள் இங்கே தானே வீடாகி நிற்கிறாள்.

இன்றைய ஆலங்குளத்துக்கு வருவோம். திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் சாலையில் எங்கு கட்டடம் எழும்பினாலும் சாந்துச்சட்டி சுமக்கிறவள் பெண். அவள் பெயர் சித்தாள். இருபது வருஷம் சுமந்தாலும் அநேகமாகச் சித்தாள்தான். கரணையும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் அவள் கைக்கு வருவதில்லை. பக்கத்து அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து அரக்கு ஏற்றிச் செய்யும் மரச்சொப்பு ஊருலகம் அறிந்தது, அழகானது, நானும் ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் அடுப்பு, குடம், உரல், அம்மி, திருகை எல்லாம் இருக்கும். ஒரு குட்டிக் கரணை இருந்து நான் பார்த்ததில்லை. விளையாட்டுச் சாமானிலேயே வேலைப்பிரிவினை தொடங்கிவிடுகிறது.

சொத்துக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்தார்கள். அதற்கு முன்பே கல்யாணம் ஆகிப்போனவளுக்கு அது இல்லை. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல் வந்தது. அரசுத் தொகுப்பு வீடுகளைப் பெண்ணின் பெயரிலும் ஒதுக்குகிறார்கள். வரவேற்க வேண்டியதே. ஆனால் வாசல் எந்தப் பக்கம், ஜன்னல் எவ்வளவு அகலம் என்று அவளிடம் கேட்கிற மேஸ்திரியை நான் பார்த்ததில்லை. “உள்ள எப்பிடி வேணும்னாலும் வச்சுக்கோ” என்பதோடு அவள் பங்கு முடிந்துவிடும்.

4

இதெல்லாம் சமூகம் பற்றியது, இலக்கிய விமர்சனத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். விமர்சனத்தில்தான் இது மிக மோசமாக இருக்கிறது என்பது என் வாதம்.

பெண்கள் எழுதியவற்றைப் பற்றி நம் பத்திரிகைகளில் வந்த மதிப்புரைகளைப் புரட்டுங்கள். ‘அகவுலகம்’, ‘நுண்ணுணர்வு’, ‘அந்தரங்கம்’, ‘உடல்’. பாராட்டுச் சொற்கள் எல்லாம் வீட்டின் உட்பக்கத்தைச் சேர்ந்தவை. ஆண் எழுதினால் ‘கட்டமைப்பு’, ‘விரிவு’, ‘பார்வை’. அவன் கட்டினான், அவள் உள்ளே நேர்த்தியாக அடுக்கினாள். முற்போக்கு முகாம், நவீனத்துவ முகாம், பின்நவீன முகாம் என்று இதில் வேறுபாடு கிடையாது. பத்து வருஷமாக மதிப்புரை எழுதும் நானும் இந்தச் சொற்களைத் தாராளமாகப் பரிமாறியிருக்கிறேன்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யை எடுத்துக்கொள்வோம். 1988இல் வந்த தொகுப்பின் தலைப்புக் கதை. சமையலறையில் பெண்ணின் வாழ்க்கை முடங்குவதைச் சொல்லும் கதை என்றே நாம் அதை வாசித்துப் பழகியிருக்கிறோம். சரிதான். ஆனால் அந்தக் கதையில் மீனாட்சி என்கிற மருமகள் செய்கிற காரியம் என்ன? சமையலறையை மாற்றிக் கட்டலாம் என்று மாமனாரிடம் யோசனை சொல்கிறாள். அவள் கேட்டது கட்டுமானத்தில் திருத்தம். கிடைத்த பதில், ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடக் கட்டிய கொடி. அங்கிருந்து தெரிந்த மலையும் மறைந்துபோகிறது. குமரகுருபரரின் மீனாட்சி மலையைத் தூணாக நட்டாள். இந்த மீனாட்சிக்கு மலையைப் பார்க்கும் ஜன்னல்கூட மிஞ்சவில்லை. பித்தன் இங்கே காலால் உதைக்கவில்லை, ஈரப்புடவையைத் தொங்கவிட்டான். அவ்வளவுதான் முந்நூறு வருஷ வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எண்பதுகளின் இறுதியிலிருந்து தமிழ் விமர்சனத்துக்குப் பிடித்தமான சொல் ‘கட்டுடைப்பு’. அதனால் கிடைத்த லாபங்களை நான் மறுக்கவில்லை. மேலே கலித்தொகையை வாசித்ததும் அந்தப் பயிற்சியில்தான். என்றாலும், யாரோ முதுகு நோவக் கட்டியதைப் போய் உதைத்துவிட்டு, அதையே அந்தப் பிரதியுடன் தனக்குள்ள காதலாகச் சொல்லிக்கொள்ளும் விமர்சகன், கபிலர் காட்டிய அந்தப் பயலுக்கு என்ன முறை? அவனுக்குத் தனியாக ஒரு பருவமே பாடிக்கொடுத்துவிட்டோம். உடைப்பதற்கு முன்னால் இது எப்படி நிற்கிறது, எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். பெண் எழுத்து என்றால் இது இரட்டிப்புக் கடமை.

தோழி ஒருத்தி இதை வாசித்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள். “கோலமும் சமையலும் மட்டமா? ஆம்பிளை செய்யிற வேலைதான் ஒசத்தின்னு நீயும் சொல்லுத. அதுக்குப் பேரு விடுதலையா?” நியாயமான கேள்வி. ஒத்துக்கொள்கிறேன். ஆண்டாளின் சிறுமிகளும் கோலம் இழைக்கிறார்கள். அந்த வினைச்சொல்லையே பாருங்கள். வீட்டையும் இழைக்கலாம், கோலத்தையும் இழைக்கலாம், நகையில் மணியையும் இழைக்கலாம். மரத்தை இழைக்கிற தச்சனின் கருவி இழைப்புளி. கட்டுவதும் அழகுசெய்வதும் ஒரே வினையாகத்தான் தமிழில் இருந்திருக்கிறது. அதை இரண்டாகப் பிளந்து, சுவரை ஒருவருக்கும் சுவரின் உட்பக்கத்தை இன்னொருவருக்கும் பங்கு வைத்ததுதான் பிரச்சினை. அடுக்குவது இழிவில்லை. அடுக்க மட்டுமே அனுமதி என்பதுதான் இழிவு. காலி வீட்டைக் கட்டிப்போட்டுவிட்டு எழுந்து போகிற உரிமையும் அவளுக்கு வேண்டும்.

5

கலித்தொகைப் பெண் பொய் சொல்லி அவனைக் காப்பாற்றினாள். ஆண்டாளின் சிறுமிகள் கெஞ்சினார்கள். மீனாட்சி கோபிக்காமல் திரும்பக் கட்டினாள். கட்டியது உடைந்ததற்காகக் கோபப்பட்ட ஒருத்தியாவது நம் மரபில் இல்லையா?

இருக்கிறாள். ஐங்குறுநூறு 124, நெய்தல், அம்மூவனார். மூன்றே அடி. அவள் மணலில் செய்த பாவையைக் கடல் கொண்டுபோய்விடுகிறது. அவள் நுண்மணலை அள்ளி அள்ளி வீசிக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள். ஆனால் இது யாருடைய வாயிலிருந்து வருகிறது? தலைவன் நாடிப் போன இன்னொருத்தியைப் பற்றி, ‘உன் ஆளைப் பார்த்தேன்’ என்று தலைவி அவனிடம் எள்ளலாகச் சொல்வதாக மரபு நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. பொறுமை தெய்வத்துக்கு, கோபம் பரத்தைக்கு. கோபப்பட்டவள் சிரிப்புக்கு இடமாகிறாள்.

அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள எனக்கு இப்போது மனமில்லை. கடலைத் தூர்க்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

போன வாரம் சாரல். திண்ணையில் இருந்த அட்டைவீடு நனைந்து, மாடி சரிந்து, கூழாகிக் கிடந்தது. மதினி விளக்குமாற்றோடு வந்தாள். பிள்ளை ஓடிவந்து மறித்தது. “தொடாதம்மா. எந்தப் பக்கம் மொதல்ல விழுந்திருக்குன்னு பாக்கணும்.”

விமர்சனம் என்று நான் எழுதிவந்ததில் எதுவும் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் நிற்காது.